பழைய சேர்லிஃப்ட்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறிதலும் புதுப்பித்தலும்

பதிவேட்டில் 1978 என்று ஆண்டு குறித்திருக்கும் ஒரு சேர்லிஃப்டை (எஃகு வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் சறுக்குவோரை மலைமேல் ஏற்றும் பொறி) அருகில் சென்று பார்த்தால், அந்த ஆண்டைச் சேர்ந்தவையாகத் தூண்களும் அடித்தளக் கான்கிரீட்டும் மட்டுமே எஞ்சியிருப்பது அரிதன்று. எஃகு வடம் பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கும். கப்பிகளின் ரப்பர் விளிம்புகள் இரண்டு மூன்று பருவங்களுக்கு முன் வந்தவையாக இருக்கும். மோட்டாரை ஆளும் மின்பெட்டி சென்ற கோடையில் பொருத்தியதாக இருக்கும். இப்படிப் பல வயதுடைய உறுப்புகள் ஒன்றாக ஓடுவதால், ‘லிஃப்ட் பழசாகிவிட்டது’ என்ற முறையீட்டைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. ஓர் உறுப்பில் தெரியும் கோளாறுக்கு வேறோர் உறுப்பு காரணமாக இருப்பதும், ஒன்றைப் புதிதாக்கியதும் அதன் பக்கத்து உறுப்பு திணறத் தொடங்குவதும் இத்துறையில் மீண்டும் மீண்டும் காணப்படுபவை. அதனால் இவ்வழிமுறை, பணியாளரின் கண்ணுக்கும் காதுக்கும் முதலில் எட்டும் அறிகுறிகளின் வரிசையில் அமைந்துள்ளது.

இங்குப் பேசப்படுபவை பெரும்பாலும் வட அமெரிக்கப் பனிச்சறுக்கு மையங்களில் 1970-களிலிருந்து 1990-கள் வரை நிறுவப்பட்ட லிஃப்டுகள். அவற்றில் இரு வகை உண்டு. நாற்காலி வடத்தை இறுகக் கவ்வி, முனையத்திலும் விடாமல் அதனுடனேயே சுற்றி வருவது நிலைக்கவ்வி வகை. 1936-இல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் ஓடத் தொடங்கிய உலகின் முதல் சேர்லிஃப்ட் இந்த வகையே. வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கொக்கித் தொடரை நினைவில் வைத்து, யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கரன் அதை வடிவமைத்தார். நாற்காலி முனையத்துக்குள் நுழைந்ததும் வடத்தை விட்டுவிட்டு, மெதுவாக நகர்ந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, மறுபடியும் வடத்தின் வேகத்தை எட்டி அதைக் கவ்வுவது கழல்கவ்வி வகை. இதன் நான்கிருக்கை அதிவேக வடிவம் 1981-இல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் வந்தது.

தொடங்கும் முன் ஒரு நிபந்தனை. அமெரிக்காவில் பி77.1, கனடாவில் இசட்98 ஆகிய தரநிலைகள் இவ்வகை வடப்போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. கொலராடோ போன்ற மாநிலங்களில் இதற்கெனத் தனி வாரியமே 1965 முதல் இயங்குகிறது. கீழே சொல்லப்படும் எந்த மாற்றமும் சாதாரணப் பராமரிப்பா, அனுமதி தேவைப்படும் மாற்றியமைப்பா என்பதை வாரியத்திடம் முன்னதாகவே கேட்டு எழுத்தில் பெறுங்கள். மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டிச் சாவியைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாத எவரும் தூணில் ஏறக் கூடாது.

அறிகுறி: நாளுக்குப் பலமுறை நின்றுவிடுகிறது

கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரம், நிறுத்தியது மனிதரா பொறியா, எந்த முனையம் அல்லது எந்தத் தூண், வெப்பநிலை, காற்று, அந்த நேரத்தில் நாற்காலிகள் நிரம்பியிருந்தனவா என்ற விவரங்களை இரண்டு வாரம் விடாமல் எழுதினால், நிறுத்தங்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்துவிடும்: ஏறுவோரும் இறங்குவோரும் தடுமாறியதால் பணியாளர் நிறுத்தியவை, தூண்களில் உள்ள பாதுகாப்புச் சுற்று நிறுத்தியவை, மோட்டாரும் அதன் கட்டுப்பாடும் தாமே நின்றவை. பதிவேடு இல்லாத இடத்தில் பழி எப்போதும் மோட்டார்மீதுதான் விழும். எழுதிப் பார்த்த பிறகு, ஏற்றுமிடத்தின் பங்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

முதற்கூட்டம் பெரிதாக இருந்தால், இருக்கையின் உயரத்துக்கும் அதன் கீழுள்ள பனியின் உயரத்துக்கும் இடையிலான இடைவெளியை அளந்து பாருங்கள். இரவில் பனி சேர்ந்தோ மதியத்தில் உருகியோ இந்த இடைவெளி மாறும்போது, இருக்கை ஒருவருக்கு முழங்காலின் பின்புறத்தில் இடிக்கும், குழந்தைக்கோ மார்பளவுக்கு வரும். மண்வாரியால் தீரும் இந்தக் கோளாறுக்குப் பல மையங்கள் புதிய லிஃப்டுக்கு விலை கேட்கின்றன என்பது என் ஐயம். அடுத்து வேகத்தைப் பாருங்கள். ஆறு வினாடிக்கு ஒரு நாற்காலி வரும் நான்கிருக்கை லிஃப்ட், கணக்குப்படி மணிக்கு 2,400 பேரை ஏற்றும். ஒரு மணி நேரத்தில் முப்பது முறை, முறைக்கு இருபது வினாடி நின்றால் பத்து நிமிடம் வீணாகி, எண்ணிக்கை 2,000 ஆகிவிடும். வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்து நிறுத்தங்களை ஒழித்தால் 2,160 பேர் மேலே போவார்கள். மெதுவாக ஓடுவது கூடுதலாக ஏற்றும் என்று மேலாளரை நம்பவைக்க இந்தக் கணக்கைத் தவிர வேறு வழி இல்லை.

இதற்கும் மேல் போக வேண்டுமானால், ஏற்றுமிடத்தில் நகரும் பட்டை ஒன்றைப் பதிக்கலாம். சறுக்குவோர் அதன்மேல் நின்றபடி நாற்காலியின் திசையிலேயே நகர்வதால், இருக்கை வந்து மோதும் வேகம் குறைகிறது. நிலைக்கவ்வி லிஃப்டைச் சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓட்டவும் இயலுகிறது. ஆனால் பட்டைக்கென ஒரு குழியும், அதற்கு முன் நாற்காலியின் வரவோடு இணைந்து திறக்கும் கதவுகளும், அவற்றுக்கான கட்டுப்பாடும் தேவை. பட்டையும் பழுதாகக்கூடிய ஒரு பொறிதான் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ‘தூண் பழுது’ விளக்கு எரிகிறது, போய்ப் பார்ப்பதற்குள் அணைந்துவிடுகிறது

ஒவ்வொரு தூணிலும் கப்பித் தொகுதியின் அருகே எளிதில் முறியும் ஒரு தண்டு இருக்கும். வடம் கப்பியை விட்டு விலகினால் அது தண்டை முறிக்கும், தண்டின் வழியே ஓடும் மெல்லிய மின்னோட்டம் அறுபடும், லிஃப்ட் நிற்கும். எல்லாத் தண்டுகளும் ஒரே தொடரில் இணைக்கப்பட்ட பழைய அமைப்புகளில், சுற்று அறுந்தது என்பது தெரியுமேயன்றி எந்தத் தூணில் என்பது தெரியாது.

பதிவேட்டை வானிலையோடு ஒப்பிடுங்கள். உறைந்த இரவுக்குப் பிந்தைய இளவெயிலில் விளக்கு எரிந்தால், இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் புகுந்திருக்கலாம். கேபிளின் உறை வெடித்திருக்கலாம். காற்று வீசும்போது மட்டும் எரிந்தால், தூணுக்குத் தூண் தொங்கும் கேபிள் ஆடுவதால் இணைப்பு தளர்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதே காற்றில் வடமே நகர்ந்து தண்டைத் தொட்டுத் திரும்பியிருக்கவும் கூடும். இரண்டையும் முனையத்தில் உட்கார்ந்தபடி பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு தூணிலும் வடம் கப்பியின் நடுவில் இருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை அது மெய்யான பழுது என்றே கொள்ள வேண்டும். ‘எப்போதும் வருவதுதானே’ என்று சுற்றைக் குறுக்கே இணைத்துவிட்டு ஆட்களை ஏற்றி ஓட்டுவதற்கு எந்தச் சூழலிலும் நியாயம் இல்லை.

இந்த அறிகுறிக்குப் புதுப்பித்தல் உண்மையாகவே பயன் தரும். தூண் எண்ணைத் தனித்தனியே காட்டும் கண்காணிப்பும், மண்ணில் புதைத்த புதிய கேபிளும் லிஃப்டை முழுதாக மாற்றாமலே பொருத்தக்கூடியவை. ஆனால் அவை வந்த முதல் மாதத்தில் நிறுத்தங்கள் கூடலாம். பழைய சுற்று கவனிக்காமல் விட்ட சிறு அசைவுகளைப் புதியது பிடிப்பதால் நேர்வது அது. உணர்திறனைக் குறைக்காமல் அந்தத் தூணின் கப்பிகளைச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: புறப்படும்போதும் நிற்கும்போதும் நாற்காலிகள் மேலும் கீழும் துள்ளுகின்றன

என் கணிப்பில், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இதுவே. இரண்டு தூண்களுக்கு இடையே தொங்கும் வடம் நீண்ட வில்லின் நாண் போன்றது. முனையத்தில் வேகம் சட்டென மாறினால் அந்த மாற்றம் அலையாக வடத்தில் ஓடி, தூண்களுக்கு இடைப்பட்ட நாற்காலிகளை ஊஞ்சலாக்குகிறது. அலையின் தாளமும் வடத்தின் இயல்பான ஆட்டமும் ஒத்துப்போனால் துள்ளல் ஒவ்வொரு முறையும் பெருகும். எனவே நாற்காலி ஆடுகிறது என்று தூணைச் சோதிப்பவர் தவறான முனையில் நிற்கிறார்.

மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். மோட்டார் தானே வேகம் குறைந்து நிற்கும்போது துள்ளுகிறதா, பிரேக் பிடிக்கும்போது மட்டுமா? பிரேக்கில் மட்டும் என்றால் பிரேக் ஒரேயடியாகக் கவ்வுகிறது. அதன் அழுத்தத்தையும் பட்டைகளில் எண்ணெய் படிந்துள்ளதா என்பதையும் பாருங்கள். வெறுமையாக ஓடும்போதும் துள்ளுகிறதா, நிரம்பியபோது மட்டுமா? நிலையான வேகத்தில் ஓடும்போதே வேகம் ஏறி இறங்குகிறதா? அப்படியானால் வேகத்தை அளந்து சொல்லும் கருவியின் இணைப்பு தளர்ந்திருக்கலாம், பழைய டி.சி. மோட்டாரானால் கார்பன் பிரஷ்கள் தேய்ந்தோ கம்யூட்டேட்டரில் கரி படிந்தோ இருக்கலாம். அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டியே தன் திருத்தத்தைத் தானே துரத்திக்கொண்டிருக்கலாம்.

கடைசியாகச் சொன்னது எத்தனை கொடிய விளைவை உண்டாக்கும் என்பதை 2016 டிசம்பர் 29 காட்டியது. கொலராடோவின் கிரான்பி ராஞ்ச் மையத்தில் குவிக் டிரா எக்ஸ்பிரஸ் லிஃப்டில் சென்ற நாற்காலி ஆடித் தூணில் மோதியது, ஒரு தாயும் இரு மகள்களும் கீழே விழுந்தனர், தாய் இறந்தார். மாநில வாரியத்தின் விசாரணை, அந்த மாதம்தான் மாற்றியமைக்கப்பட்டிருந்த மின் இயக்கமும் கட்டுப்பாடும் வேகத்தைச் சட்சட்டென மாற்றியதைக் காரணமாகச் சுட்டியது. பழைய லிஃப்டில் புதிதாக்கப்பட்ட உறுப்பே விபத்துக்கு வழி திறந்த நிகழ்வு இது. பழைய வடம், பழைய தூண் இடைவெளி, பழைய நாற்காலியின் எடை ஆகியவற்றுக்கு ஏற்ப இசைந்திருந்த ஒரு மோட்டாரை எடுத்துவிட்டு, நொடிக்குள் பதிலளிக்கும் புதிய கட்டுப்பாட்டைப் பொருத்தும்போது, வடத்தின் நெகிழ்வு மட்டும் பழையதாகவே இருக்கிறது.

ஆகவே மோட்டாரையோ அதன் வேகத்தை ஆளும் டிரைவையோ மாற்றினால், வெறும் நாற்காலிகளோடு ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திடுவது போதாது. தண்ணீர் நிரப்பிய கலன்களை இருக்கைகளில் வைத்து, ஏறும் பக்கம் முழுதும் நிரம்பிய நிலை, பாதி நிரம்பிய நிலை, வெறுமை என மூன்றிலும் புறப்பாடு, வேகமாற்றம், ஒவ்வொரு வகை நிறுத்தம் ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். நீண்ட தூண் இடைவெளி உள்ள இடத்தில் ஒருவர் நின்று நாற்காலியின் ஆட்டத்தைப் படம் எடுக்கட்டும். முனையத்தின் திரையில் காணும் எண், வழியின் நடுவே நடப்பதைச் சொல்லாது.

அறிகுறி: வடம் கப்பியின் நடுவில் ஓடாமல் விளிம்பை நாடுகிறது

ரப்பர் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்வதும், கீழே பனியில் கருநிறத் துகள் உதிர்வதும் இதன் முதல் தடயங்கள். கப்பியின் பேரிங் தேய்ந்திருக்கலாம். தொகுதி தூணின் குறுக்குக் கையில் சாய்ந்திருக்கலாம். மண் நகர்ந்து தூணே சற்றுத் திரும்பியிருக்கலாம். சரிவான நிலத்தில் நிற்கும் பழைய தூண்களை ஆண்டுதோறும் அளவைக் கருவியால் சரிபார்த்துவந்தால், மூன்றாவது காரணத்தைப் பருவம் தொடங்கும் முன்பே பிடித்துவிடலாம்.

மெய்ன் மாநிலத்தின் சுகர்லோஃபில் 2010 டிசம்பர் 28 அன்று, 1975-இல் போர்விக் நிறுவனம் கட்டிய ஸ்பில்வே ஈஸ்ட் லிஃப்டில் பலத்த காற்றுக்கிடையே வடம் ஒரு தூணில் தடம் விலகியது. ஐந்து நாற்காலிகள் தரையில் விழுந்தன. வடம் ஒதுங்கி ஓடுவதைப் பணியாளர்கள் முன்னரே கண்டு, அதே தூணில் சரிசெய்ய முயன்றிருந்தனர். அடுத்த ஆண்டே அவ்விடத்தில் ஸ்கைலைன் என்ற புதிய நான்கிருக்கை லிஃப்ட் எழுந்தது. ஆட்கள் மேலே தொங்கும் நேரம் சீரமைப்புக்கு உரிய நேரமன்று. வடம் ஒதுங்குகிறது எனத் தெரிந்தால் புதிதாக எவரையும் ஏற்றாமல், ஓட்டித்தான் இறக்குவதா, கயிறு கட்டி இறக்குவதா என்பதை முன்பே எழுதி வைத்த திட்டத்தின்படி முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி: இழுவிசைச் சட்டகம் தன் பாதையின் கோடியை நெருங்குகிறது

வடம் நீள்கிறது; அதை இறுக்கிப் பிடிக்க முனையச் சக்கரத்தைத் தாங்கி நகரும் இழுவிசைச் சட்டகம் பின்வாங்குகிறது, அதை இழுக்கும் எதிர் எடை மெல்ல இறங்குகிறது. புதிய வடத்தில் முதல் பருவத்திலேயே இது எதிர்பார்க்கத்தக்கது. பல ஆண்டு சீராக இருந்த வடம் திடீரென நீளத் தொடங்கினால், அதன் உள்ளீடு நசுங்குகிறதா, இழைகள் அறுந்துள்ளனவா என்று காந்தமுறைச் சோதனையால் பார்த்த பிறகே வெட்டிக் குறுக்கும் பேச்சை எடுக்கலாம். வெட்டிய முனைகளை இழைக்கு இழை பின்னி இணைக்கும் பின்னல், வடத்தின் விட்டத்தைப் போல 1,200 மடங்கு நீளம் இருக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் வடத்துக்கு 48 மீட்டர். இதை உள்ளூர்ப் பணியாளர் செய்வதில்லை; இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் மலைமலையாகப் பயணம் செய்கிறார்கள். கோடையின் தொடக்கத்திலேயே அவர்களிடம் நாள் கேட்டு வையுங்கள்.

நிலைக்கவ்வி லிஃப்டில் கவ்விகள் ஒரே இடத்தைப் பிடித்தபடி இருப்பதால், அங்கே வடம் வளைந்து வளைந்து சோர்கிறது. குறித்த காலத்தில் ஒவ்வொரு கவ்வியையும் சற்றுத் தள்ளிப் பொருத்தும் பணி ஒத்திப்போடப்பட்டிருந்தால், வடத்தின் வயதைப் பதிவேட்டில் பார்ப்பதால் பயனில்லை.

அறிகுறி: கியர் பாக்ஸில் புதிய ஓசை, அல்லது நின்ற லிஃப்ட் அங்குல அளவு பின்னோக்கி நழுவுகிறது

இரண்டையும் ஒரே தலைப்பில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வழக்கமாகப் பயன்படும் பிரேக் மோட்டாரின் பக்கத்தில், வேகமாகச் சுழலும் தண்டின்மேல் இருக்கிறது. வடம் சுற்றும் பெரிய சக்கரத்துக்கும் அந்த பிரேக்குக்கும் நடுவே இருப்பது கியர் பாக்ஸ். அது உள்ளே உடைந்துவிட்டால், மோட்டார் பக்கத்து பிரேக் எவ்வளவு இறுகப் பிடித்தாலும் பெரிய சக்கரத்துக்கு அது எட்டாது. ஏறும் பக்கத்தில் ஆட்களின் எடை. இறங்கும் பக்கத்தில் வெறும் நாற்காலிகள். லிஃப்ட் பின்னோக்கி ஓடத் தொடங்கும். அப்போது காப்பவை இரண்டே: பெரிய சக்கரத்தையே பிடிக்கும் அவசர பிரேக், பின்சுழற்சியைத் தடுக்கும் பூட்டு. சுகர்லோஃபின் கிங் பைன் லிஃப்ட் 2015 மார்ச் 21 அன்று பின்னோக்கி ஓடியது இப்படித்தான். கியர் பாக்ஸில் நேர்ந்த முறிவு அதன் தொடக்கம்.

ஓசை கேட்டால் முதலில் எண்ணெயின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உலோகத் துகளின் அளவு மட்டுமன்றி, முந்தைய மாதிரிகளோடு ஒப்பிட்ட ஏற்றமும் முக்கியம். முந்தைய மாதிரிகளே இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். அதிர்வு அளவீடும், மூடியைத் திறந்து கியரின் பற்களைக் கண்ணால் பார்ப்பதும் அடுத்தவை. பின்னோக்கிய நழுவல் ஓர் அங்குலமே ஆனாலும் லிஃப்டை மூடிவிட்டு மூன்று தடுப்புகளையும் (வழக்கமான பிரேக், அவசர பிரேக், பின்சுழற்சிப் பூட்டு) ஒவ்வொன்றாகத் தனித்துச் சோதிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து பிடிப்பதைப் பார்த்து நிறைவடைவது, எது பிடிக்கிறது என்பதையே மறைத்துவிடும். அமெரிக்கத் தரநிலை ஏழாண்டுக்கு மிகாத இடைவெளியில் கேட்கும் பளுச் சோதனை இதற்காகவே உள்ளது. பழைய லிஃப்டில் ஏழாம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

புதுப்பிக்கும்போது கியர் பாக்ஸே இல்லாத இயக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம்: மெதுவாகச் சுழலும் பெரிய மோட்டார் ஒன்று வடச்சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது. எண்ணெயும் பற்களும் போய்விடும். ஆனால் பழைய முனையத்தின் சட்டகம் அதன் எடையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டியிருப்பதால், தனி உறுப்பாக இது அரிதாகவே மலிவாகும்.

துணை எஞ்சினை மறந்துவிடாதீர்கள். மின்சாரம் போனபின் டீசலுக்கு மாற்றும் சில நிமிடங்களில் எந்த பிரேக் எப்போது விடுவிக்கப்படுகிறது என்ற வரிசை தவறினால், நல்ல லிஃப்டும் பின்னோக்கி ஓடும். ஜார்ஜியா நாட்டின் குடாவுரியில் 2018 மார்ச் 16 அன்று ஒரு லிஃப்ட் பின்னோக்கி ஓடி, உலகமே காணொளியில் பார்த்த விபத்தின்போது, அந்த லிஃப்ட் முதுமை அடைந்திருக்கவில்லை.

அறிகுறி: கழல்கவ்வி லிஃப்டில் ‘கவ்வு விசை’ எச்சரிக்கை

நாற்காலி முனையத்தை விட்டுப் புறப்படும்போது கவ்வியின் விசை போதுமா என்று ஒரு கருவி அளக்கிறது. ஒரே எண்ணுள்ள கவ்வி மீண்டும் மீண்டும் சிக்கினால் அந்தக் கவ்வியைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள்; எல்லாக் கவ்விகளும் மாறி மாறிச் சிக்கினால் அளக்கும் கருவியையும் கவ்வியைத் திறந்து மூடும் தண்டவாளத்தையும் பாருங்கள். மழைக்குப் பின் உறைந்த காலையில் மட்டும் வந்தால் வடத்தின்மேல் பனிக்கட்டி படிந்திருக்கிறது.

1995 டிசம்பர் 23 அன்று கனடாவின் விஸ்லரில் குவிக்சில்வர் லிஃப்ட் அவசரமாக நின்றபோது, கவ்வி நழுவிய நாற்காலி சரிந்து கீழுள்ளவற்றோடு மோத, நான்கு நாற்காலிகள் விழுந்தன, இருவர் இறந்தனர். அதைக் கட்டிய யான் நிறுவனம் மறு ஆண்டே திவாலானது. அதே நிறுவனத்தின் பிற கழல்கவ்வி லிஃப்டுகள் நீக்கப்பட்டன, அல்லது வேறு தயாரிப்பாளர்களின் கவ்விகளோடும் முனையங்களோடும் திருத்தி அமைக்கப்பட்டன. அங்கே கவ்வியை மட்டும் மாற்றினால் போதாமல் போனதைக் கவனிக்க வேண்டும்: கவ்வியின் வடிவம் மாறினால் அதைத் திறக்கும் பாதையும், நகர்த்தும் டயர்களும், தூணின் கப்பி இடைவெளியும் அதற்கு ஏற்ப மாற வேண்டும்.

அறிகுறி: உறுப்பு கிடைக்கவில்லை

ஸ்போகேன் நகரின் ரிப்லெட் நிறுவனம் 2003-இல் மூடிக்கொண்டது. ஹால், போர்விக், யான் ஆகியவையும் இன்று லிஃப்ட் கட்டுவதில்லை. இவற்றின் நாற்காலிகள் இன்னும் பல மலைகளில் ஓடுகின்றன. ரிப்லெட்டின் கவ்வி தனிவகை: வடத்தின் இழைகளைப் பிரித்து, உள்ளே செருகி வைக்கப்படும் பிடிப்பு அது, ஆகவே வடமும் கவ்வியும் ஒன்றையொன்று விட்டுப் பிரித்துச் சோதிக்க எளிதானவை அல்ல.

கப்பி, பேரிங், ரப்பர் விளிம்பு, பிரேக் பட்டை ஆகியவற்றை மாற்றுத் தயாரிப்பாளர்களிடம் பெறலாம். மின்கட்டுப்பாட்டை முழுதாகப் புதிதாக்கலாம். ஆனால் கவ்வி, நாற்காலியை வடத்திலிருந்து தாங்கும் தொங்குதண்டு, பெரிய சக்கரம் ஆகிய மூன்றில் ஒன்றில் வெடிப்பு தெரிந்து, அதற்குரிய வரைபடம் எவரிடமும் இல்லை என்றால், என் தீர்ப்பில் அந்த லிஃப்டுக்குப் பழுது நீக்கும் வழிமுறை அங்கேயே முடிந்தது. கொலராடோவின் கீஸ்டோனில் 1985-இல் பெரிய சக்கரம் முறிந்ததால் நேர்ந்த விபத்தில் இருவர் இறந்தனர். அந்த உறுப்பை ஊகத்தால் பற்றவைத்து ஓட்டலாகாது.

அறிகுறி: லிஃப்ட் நலமாக இருக்கிறது, வரிசை மட்டும் நீள்கிறது

இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. நிலைக்கவ்வி நான்கிருக்கையும் கழல்கவ்வி நான்கிருக்கையும் ஆறு வினாடிக்கு ஒரு நாற்காலி என்றால் இரண்டும் மணிக்கு 2,400 பேரையே ஏற்றும். வினாடிக்கு 2.3 மீட்டரில் ஓடும்போது நாற்காலிகள் சுமார் 14 மீட்டருக்கு ஒன்று. 5 மீட்டரில் ஓடும்போது 30 மீட்டருக்கு ஒன்று. 1,500 மீட்டர் வழியில் பயணம் ஏறத்தாழ 11 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாகக் குறைகிறது. பயணத்தில் மிச்சமான ஆறு நிமிடத்தையும் சறுக்குவோர் வரிசையில் நின்று செலவழிக்கிறார்கள், ஏனெனில் அவர்கள் முன்னிலும் விரைவாகக் கீழே திரும்பி வந்துவிடுகிறார்கள். வரிசை குறைய வேண்டுமானால் இருக்கை எண்ணிக்கையே கூட வேண்டும்: ஆறிருக்கை, அதே ஆறு வினாடியில் 3,600 பேர்.

அப்போது அடுத்த உறுப்பு திணறும். இம்முறை அது மலையே. உச்சியில் சேரும் கூட்டத்தைச் சரிவுகள் தாங்குமா, கீழே வண்டி நிறுத்த இடம் உண்டா என்ற கேள்விகள் எழும். யூட்டாவின் பார்க் சிட்டியில் ஈகிள், சில்வர்லோட் லிஃப்டுகளை மாற்றும் திட்டத்துக்கு எதிராக 2022-இல் குடியிருப்போர் முறையிட, நகரத் திட்டக் குழு அனுமதியை விலக்கியது. மலையின் கொள்ளளவும் வாகன நெரிசலுமே வழக்கின் மையம். அதற்காகத் தயாராகியிருந்த லிஃப்டுகள் எல்லை தாண்டி விஸ்லருக்குச் சென்று, அங்கே ஃபிட்ஸ்சிம்மன்ஸ், ஜெர்சி க்ரீம் வழிகளில் நிறுவப்பட்டன.

எதிர்முடிவு எடுத்தவர்களும் உண்டு. வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் மையத்தை 1995 முதல் நடத்திவருவது சறுக்குவோரின் கூட்டுறவுச் சங்கம். 1948-ஆம் ஆண்டின் ஒற்றை இருக்கை லிஃப்ட் தளர்ந்தபோது, இரட்டை இருக்கை வேண்டாம் என்று முடிவெடுத்து, 2007-இல் தூண்களைச் சீரமைத்து, பொறிகளையும் வடத்தையும் புதிதாக்கி, மறுபடி ஒற்றை இருக்கையையே ஓட்டினார்கள். சரிவில் கூட்டம் சேராமல் இருப்பதற்குக் கீழே வரிசையில் நிற்பது அவர்கள் விரும்பிக் கொடுக்கும் விலை.

மாற்றுவது என்று முடிவான பின்

இந்த முடிவைப் பணமில்லாமல் எடுப்பது மையத்தையே மூடிவிடும். மெய்ன் மாநிலத்தின் சேடில்பேக்கில் 1963-ஆம் ஆண்டின் ரேஞ்ச்லி இரட்டை இருக்கை லிஃப்டை மாற்ற 30 லட்சம் டாலர் தேவை என்று 2015-இல் உரிமையாளர்கள் அறிவித்தனர். நிதி கிடைக்கவில்லை, ஐந்து பருவங்கள் மலை வெறிச்சோடிக் கிடந்தது. புதிய உரிமையாளரின் கீழ் 2020 டிசம்பரில் அதிவேக நான்கிருக்கை லிஃப்டோடுதான் அது மீண்டும் திறந்தது.

பழைய லிஃப்டை வாங்கி நிறுவுவதும் ஒரு வழி. சன் வேலியின் தொடக்ககாலச் சேர்லிஃப்ட் ஒன்றே 1940-களின் இறுதியில் மிச்சிகனின் பாய்ன் மலைக்கு இரண்டாம் கையாக விற்கப்பட்டதுதான். ஆனால் வாங்கும் விலையைக் கண்டு மயங்க வேண்டாம். புதிய வழிக்கு ஏற்பப் புதிய அடித்தளங்கள், மாறிய தூண் உயரங்கள், இன்றைய தரநிலைக்கு ஏற்ற மின்கட்டுப்பாடு, பெரும்பாலும் புதிய வடம் எல்லாம் சேரும். வெர்மான்ட்டின் மேஜிக் மவுன்டன், ஸ்ட்ராட்டன் மையம் 2018-இல் கழித்த நான்கிருக்கை லிஃப்டை வாங்கியது. அதில் ஆட்கள் ஏறியது 2024-இல்.

வாங்கும்முன் நாற்காலியையும் வண்ணத்தையும் பார்ப்பதைவிட, விற்பவரிடம் ஓடிய மணி நேரம், கவ்விகளின் வெடிப்புச் சோதனை அறிக்கைகள், கடைசிப் பளுச் சோதனையின் தாள், தயாரிப்பாளர் அனுப்பிய எச்சரிக்கை அறிவிக்கைகளும் அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கையும் ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றோடு அந்த லிஃப்டின் நிறுத்தப் பதிவேட்டையும் கேளுங்கள். தர மறுத்தாலோ, அப்படியொன்று எழுதவே இல்லை என்றாலோ, லாரியை வெறுமையாகவே திருப்பி ஓட்டிவாருங்கள்.